நகர மறுத்த சீட்டு

“ஐயோ பாய்... அடிக்காதீங்க!”

கண்ணகியின் அலறலில் வில்லியனூர் பட்டறையே அதிர்ந்தது.

ஓங்கிய சுத்தியலோடு அப்படியே நின்றார் மெக்கானிக் பஷீர் அகமது.

எதிரே, முகம் நசுங்கிய பிரெஞ்சு கார். அதன் மேல் விழுந்து மறித்துக்கொண்டு கண்ணகி!

“எழுந்திரும்மா. இன்னா இது?”

“நாளைக்குக் கோர்ட்டு பாய்! எம் புருசன உள்ள தள்ளப் போறாங்க. ‘காரைத் தட்டறதுக்குள்ள பஷீர் பாயப் போய்ப் பாரு’ன்னு லாக்கப்புல அழுவுறாரு. எனக்கு வேற போக்கிடம் இல்ல பாய்!”

விஷயம் இதுதான்.

மூன்று நாளைக்கு முன், அபிஷேகப்பாக்கம் சாலையில் இந்தக் கார் பலராமன் என்ற பால்காரரை மோதிக் கொன்றது. பிறகு பனைமரத்தில் முட்டி நின்றது. ஓட்டியவன் ஓட்டம்!

காரின் சொந்தக்காரர் அரியூர் ரைஸ்மில் நடேசன். ‘டிரைவர் தேவநாதன் சாவியைத் திருடிவிட்டான்’ என்று எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் சம்மந்தம் அடித்த அடியில் தேவநாதனும் கைநாட்டு வைத்துவிட்டான். கண்ணகியின் புருஷன்!

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நடேசன் சீறினார்.

“பொம்பள அழுதா வேலைய நிறுத்துவியா பாய்? மூஞ்சிய நிமித்து! சாயங்காலம் வண்டி கடலூர் போவணும்!”

பஷீர் சுத்தியலைக் கீழே வைத்தார். நடேசனைப் பகைத்தால் பிழைப்பு போகும். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

“மொதலாளி... காலைல இருந்து டிரைவர் சீட்டக் கழட்டப் பாக்கறேன். வரல.”

“வரலன்னா விடு!”

“இது லாரி மாதிரி இல்ல. கீழ தாங்கறதுக்குத் தனியா சேசிஸ் சட்டம் கெடையாது. தரை, கூரை, தூண் எல்லாம் ஒரே கூடு. மூக்குல வாங்கின அடி தரை வரைக்கும் போவும். இங்க பாருங்க... தரை மடங்கி, சீட்டு ஓடற தண்டவாளத்தக் கடிச்சிருக்குது. மோதின நேரத்துல சீட்டு எங்க இருந்திச்சோ, அங்கயே மாட்டிக்கிச்சு!”

கண்ணகி எட்டிப் பார்த்தாள்.

சீட்டு ஸ்டியரிங்கை ஒட்டி, முன்னால் கடைசி வரை வந்திருந்தது!

“பாய்... எம் புருசன் ஆறடி ஒசரம்! முட்டிய எங்க வைப்பாரு?”

“வைக்க முடியாது தங்கச்சி. ஓட்டினவன் குட்டை ஆளு.”

வாசலில் பூட்ஸ் சத்தம்!

இன்ஸ்பெக்டர் சம்மந்தம். பின்னாலேயே கான்ஸ்டபிள் இன்னாசிமுத்து.

“இன்னும் முடிக்கலியாடா?”

கண்ணகி காலில் விழுந்தாள். “ஐயா, அந்த சீட்டப் பாருங்க! ஓட்டினது குட்டை ஆளு... இந்த நடேசன்தான்!”

“அடிப்பாவி! இப்பவே ஒக்காந்து காட்டறேன்டி!” நடேசன் எகிறினார்.

ஆள் குட்டைதான். ஆனால் தொந்தி ஸ்டியரிங்கில் இடித்தது. மூச்சை அடக்கினார்... ஊஹூம்!

“பாத்தியா? நான் ஓட்டணும்னா சீட்டு ஒரு முழம் பின்னால போவணும்!”

கண்ணகி மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். இருந்த ஒரே பிடியும் போய்விட்டது. இனி யாரிடம் போவாள்?

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“துருப் புடிச்ச சீட்ட வச்சிக்கினு கதையாடா உடற? தள்ளு... நான் நகத்திக் காட்டறேன்!”

விறுவிறுவென்று உள்ளே புகுந்து உட்கார்ந்தார். சீட்டுக்கு அடியில் இருந்த பிடியை இழுத்தார். காலை உதைத்தார்.

சீட்டு அசையவில்லை!

மறுபடி இழுத்தவர்... சட்டென்று நிறுத்தினார்.

முட்டி எங்கும் இடிக்கவில்லை. பூட்ஸ் கச்சிதமாகப் பெடலில் உட்கார்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் ஐந்தடி மூன்று அங்குலம். காக்கிச் சட்டையை இதுவரை யார் அளந்து பார்த்தார்கள்?

“இ... இது...”

நடேசன் பதறி முன்னால் வந்தார். பொய்ப் புகார் எழுதிக் கொடுத்த பழி இனி தன் தலைக்குத்தான்!

“நான் சொல்லிடறேன்! அரை மணியில தரேன்னு சாவிய வாங்கிக்கினு போனது இவருதான். டிரைவர் மேல எழுதிக் குடுன்னு மெரட்டனதும் இவருதான்!”

கண்ணகி ஓவென்று அழுதாள். “அப்ப எம் புருசன விடுங்கய்யா...!”

இன்ஸ்பெக்டர் இறங்கப் பார்த்தார். இன்னாசிமுத்து கதவைச் சாத்தி அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“எறங்காதீங்க ஐயா... பத்துப் பொருத்தமும் பொருந்தியிருக்குது!”