அக்காவின் வலது நுரையீரல்

மத்தியானம் அக்கா இருமிக்கொண்டே எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வந்து சேர்ந்தாள். அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். பதினோரு வருடமாக சி.டி. ஸ்கேன் மெஷின் ஓட்டுகிற தம்பி இருக்கும்போது அவள் வேறு எங்கே போவாள்?

"ஏன்டா, ரூமை இப்படி ஐஸ் பெட்டி மாதிரி வச்சிருக்கீங்க?" என்று நடுங்கியபடி படுத்தாள். பத்து விநாடியில் முடிந்தது. வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.

மெஷின் எடுப்பது வெறும் எண்கள். அவற்றைப் படமாக்குவது கம்ப்யூட்டர். பழைய முறையில் போட்டால் படம் முழுக்க மணல் தூவியதுபோல இருக்கும். புது முறை அந்த மணலை வழித்துத் துடைத்துவிடும். டாக்டருக்குப் பளிச்சென்று இருந்தால்தான் பிடிக்கும் என்று நாங்களும் அதை உச்சத்திலேயே வைத்துவிடுவோம். துடைக்கும்போது கூடவே என்ன போகிறது என்று ஒருவரும் பார்த்ததில்லை.

அக்காவின் படம் பளிங்காக வந்தது. இருந்தும் மனசு கேட்கவில்லை. பழைய முறையில் ஒருதடவை போட்டேன்.

வலது நுரையீரலின் அடியில், மணலுக்குள், விரல்நுனி அளவில் ஒன்று குந்தியிருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்ட இரண்டு கைகளும் தெரிந்தன.

நம்பாமல் மறுபடி போட்டேன். அதே ஸ்கேன், அதே எண்கள்.

அது நுரையீரலின் நடுவில் இருந்தது.

வெளியே அக்கா இருமினாள்.

இன்னொரு தடவை போட்டேன்.

மூச்சுக்குழாய் பிரியும் இடத்தில் எழுந்து நின்றது.

நான் பட்டனைத் தட்டத் தட்ட அது மேலே ஏறியிருக்கிறது. ஏற்றிவிட்டவன் நானேதான்.

ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். அதற்குள் மூன்று படங்களிலும் மணலைத் தவிர ஒன்றும் இல்லை.

"சொந்த அக்கான்னதும் பயந்துட்டியாப்பா? இரு, நானே ஒருதடவை போட்டுப் பாக்கறேன்."

"வேணாம் சார். உங்க கால்ல விழறேன், அதைத் தொடாதீங்க."

சிரித்துக்கொண்டே பட்டனைத் தட்டிவிட்டார்.

வெளியே இருமல் நின்றது.

"பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

உண்மைதான். நுரையீரலில் அது இல்லை.

கதவைத் திறந்தேன். அக்கா என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

"இருமல் போயிடுச்சு. வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டது அவள் குரல்.

அவள் உதடுகள் மூடியே இருந்தன.