சக்கரம் தெரியும் முனை

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கூடியவர்கள் இவர்கள்: மேசைக்குப் பின்னால் நாற்காலியில் டேவிட் வாத்தியார். முன் பெஞ்சில், சிறுபிள்ளைகளின் பெஞ்சு என்பதால் முழங்கால் நெஞ்சில் இடிக்க, மரியகுழந்தை. அவள் பக்கத்தில் அவள் மகள் ஞானசுந்தரி, வயது பத்து. சுவரோரம் தரையில் மங்கம்மா. உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடாததால், வாசலுக்கு வெளியே நின்றபடியே, கடைத்தெருக் காவல்காரர் கொர்னேலியஸ், கையில் பிரம்போடு.

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் கடைத்தெருவில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள். தெருவில் துப்பக் கூடாது. ஆடு மாடு கட்டக் கூடாது. ஐந்து பேருக்கு மேல் கூடி நிற்கக் கூடாது.

நட்ட அன்றே பலகையின் காலில் யாரோ ஓர் ஆட்டைக் கட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

கடைத்தெருவின் கிழக்கு முனையில் நின்றால்தான் சுரங்கத்தின் பெரிய சக்கரம் தெரியும். பூமிக்கு அடியிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் இரும்புக் கூண்டான கேஜை இழுப்பது அந்தச் சக்கரம்தான். ஷிப்டு முடியும் வேளையில் பெண்கள் அங்கே வந்து நிற்பார்கள். சக்கரம் வேகமாகச் சுற்றினால் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். மெல்லச் சுற்றினால் அடிபட்ட யாரையோ ஏற்றி வருகிறார்கள் என்று அர்த்தம். உடனே சுரங்கத்துக்கு ஓடுவார்கள்.

போன மாதம் ஒருநாள் சக்கரம் மெல்லச் சுற்றியது. பார்க்க அங்கே யாரும் இல்லை. கொர்னேலியஸ் பிரம்பை ஓங்கி எல்லோரையும் முன்பே விரட்டிவிட்டிருந்தார். மங்கம்மா வீட்டில் களி கிண்டி மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கணவர் தங்கவேலு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்ற செய்தி மறுநாள் காலையில்தான் அவளுக்கு வந்தது. கடைசிவரை அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம்.

அதன் பிறகு, அந்த முனையில் நிற்க விடச் சொல்லி வாத்தியார் எழுதிய இரண்டு மனு கடைத்தெரு ஆபீஸ் துரைக்குப் போய்விட்டது. பதில் இல்லை.

“மூணாவது எழுதி மட்டும் இன்னா ஆவப் போவுது?” என்றாள் மரியகுழந்தை. “எழுதறதுன்னா, அந்தக் கொர்னேலியஸ வேலைய விட்டுத் தூக்கணும்னு எழுதுங்க சார்.”

“காதுல விழுது மரியகுழந்தை,” என்றது வாசல்.

“விழட்டும்னுதான் சொல்றேன்.”

“உள்ள நாலு பேருதான் கீறீங்க. அஞ்சுக்கு மேல ஆவல. அதனால நான் ஒண்ணும் சொல்லல.”

ஞானசுந்தரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வெளியே போனாள்.

“மாமா, இந்த வாரம் பூரா எங்கள வெரட்டறப்ப நீங்க எங்க மூஞ்சியப் பாக்கவே இல்ல. சக்கரத்தையே பாத்துனு இருந்தீங்க. ஏன்?”

கொர்னேலியஸ் பிரம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“எம் பையன் சிரில் திங்கக்கெழமைலேர்ந்து கீழ எறங்கறான்மா.”

மரியகுழந்தை பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“உள்ள வந்து உக்காருங்க,” என்றாள்.

அவர் உட்கார்ந்தார். அவருடைய முழங்காலும் நெஞ்சில் இடித்தது.

“நான் வெரட்டலன்னா துரை வேற ஆளப் போடுவாரு. கூட்டம் எதுக்கு நிக்குது, கதை பேசவான்னு என்னையே கேக்கறாரு,” என்றார்.

“சக்கரம் பாக்கறதுக்குன்னு மனுவுல இருக்குமே?” என்றாள் ஞானசுந்தரி. “இருக்கு இல்ல சார்?”

வாத்தியார் பழைய மனுக்களின் நகலை எடுத்துப் படித்தார். துரையின் நீதியைப் பற்றி ஒரு பக்கம். ஏழைகளின் கண்ணீரைப் பற்றி ஒரு பக்கம். சக்கரம் என்ற சொல்லே இல்லை. சுரங்கத்து ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்ததை எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வாத்தியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நீயே சொல்லும்மா, எழுதறேன்.”

ஞானசுந்தரி யோசித்து யோசித்துச் சொன்னாள். “ஐயா, நாங்க கதை பேச நிக்கல. அந்த முனையில நின்னாதான் சக்கரம் தெரியும். மெல்ல சுத்துனா எங்க வீட்டு ஆளுக்கு அடி. அன்னிக்கு மங்கம்மா அத்தையால நிக்க முடியல. ஒரு நாள் ஷிப்டு விடற நேரம் நீங்களும் வந்து எங்களோட நில்லுங்க. வழி விட்டு ஓரமாத்தான் நிப்போம்.”

மரியகுழந்தை கையெழுத்துப் போட்டாள். மங்கம்மா விரல் ரேகை வைத்தாள். கொர்னேலியஸ் வெகுநேரம் காகிதத்தைப் பார்த்தார்.

“இதுக்கு என் வேலையே போவும்,” என்றார். அப்புறம் அவரும் விரலை மையில் தோய்த்தார்.

“துரை வருவாரா அத்தை?” என்று ஞானசுந்தரி கேட்டாள்.

“வர மாட்டாரு கண்ணு,” என்றாள் மங்கம்மா. “வந்தாலும் எனக்கு இனிமே மேல வர ஆளு இல்ல. ஆனா, தெரியாதுன்னு அவரு சொல்லக் கூடாது.”

அவள் முந்தானை முடிச்சில் கொண்டுவந்திருந்த சோற்றுப் பருக்கைகளை மசித்து, மனு வைத்த உறையின் ஓரத்தில் தடவி, ஒட்டும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொர்னேலியஸ் அதை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தார். பிரம்பு பெஞ்சின் மேலேயே கிடந்தது.