ஐந்தாம் மாடியில் பனி வாரும் சத்தம்

பால்கனியில் பனி இல்லை. ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்திருக்கிறது, எதிர்க் கட்டிடத்து மொட்டைமாடியில் ஒரு ஆள் உயரத்துக்கு நிற்கிறது, தன் பால்கனியில் மட்டும் சிமெண்ட் தரை தெரிகிறதே என்று பார்த்த கினுயே, காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று திரையை இழுத்துவிட்டு டீ போடப் போனாள். கோப்பையோடு திரும்பி வந்து மறுபடி பார்த்தபோதுதான் மூலை கண்ணில் பட்டது. காற்று தள்ளிய பனி சரிந்து கிடக்கும். இது இடது மூலையில், கட்டி கட்டியாகச் சதுரமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்பக்கத்தை மண்வாரியின் முதுகால் தட்டிச் சமன் செய்து வைத்திருந்தது. இப்படி அடுக்குகிற மனுஷன் ஒருத்தரைத்தான் அவளுக்குத் தெரியும். அவர் போன குளிர்காலத்திலேயே செத்துப்போனார்.

செத்தது கூடப் பழைய வீட்டுக் கூரைமேல் பனி வாரிக்கொண்டிருக்கும்போதுதான். மண்வாரியைக் கையிலிருந்து பிரித்தெடுக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது. அந்த ஆப்பிள் தோட்டத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து கினுயேவுக்குக் குளிர்காலம் என்றால் புருஷன் தொகுஜியும் அவருடைய பனியும்தான். இலை உதிர்ந்ததும் கொட்டகையிலிருந்து பலகைகளை இறக்குவார். ஒவ்வொன்றிலும் 'தெற்கு ஒன்று', 'தெற்கு இரண்டு' என்று தூரிகையால் எழுதியிருக்கும். பனியின் பாரத்தில் கண்ணாடி உடையாமலிருக்க, ஜன்னல்களுக்கு வெளியே கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகச் செருகி, வீட்டையே பெட்டி மாதிரி மூடிவிடுவார். கடைசிப் பலகையைச் செருகியதும் வெளியிலிருந்தே கத்துவார்: "அவ்வளவுதான் கினு! இனி பனி உருகினாத்தான்!" அப்புறம் வாசலில் வந்து வலது காலை ரெண்டு தட்டு, இடது காலை ரெண்டு தட்டு. நேராகக் கொதாத்சுவுக்கு வருவார். அடியில் கணப்பும் மேலே தடிப் போர்வையும் போட்ட அந்தக் குட்டை மேசைக்குள் எதிர்ப்பக்கமாக நுழைந்து, ஐஸ் மாதிரி இருக்கிற பாதம் ரெண்டையும் அவள் பாதத்தின்மேல் வைப்பார். "ஐயோ, தள்ளுங்க!" என்று அவள் அலறுவாள். அவர் சிரிப்பார். வருஷா வருஷம் இதே கூத்து.

அவள் கெஞ்சாத நாள் கிடையாது. "டவுன்ல ஒரு ஃப்ளாட் எடுத்துப் போயிரலாங்க. வயசாயிடுச்சு, முதுகு ஒடியுது" என்பாள். "பனியைப் பாத்து ஓடறவன் மனுஷனா? போறதா இருந்தா நீ போ, நான் பின்னாலயே வந்து உன்னை இழுத்துட்டு வருவேன்" என்று அவர் கிண்டல் பண்ணுவார். அவர் போனபிறகுதான் மகன் ஹிரோமு அஓமோரி நகரத்தில் இந்த ஐந்தாம் மாடியைப் பிடித்துக் கொடுத்தான். லிஃப்ட் உண்டு, சுவரெல்லாம் கதகதப்பு, தெருப் பனியை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். பழைய வீட்டிலிருந்து அவள் ஆசைப்பட்டுக் கொண்டுவந்தது கொதாத்சு ஒன்றைத்தான்.

செத்தவர்களை வைத்துக் கும்பிடும் பூஜை மாடத்தைத்தான் கொண்டுவர முடியவில்லை. அது பீரோ அளவு, லிஃப்டில் நுழையாது. வீடு காலி செய்த அன்று கோயில் சாமியார் வந்து மந்திரம் ஓதி, உள்ளே குடியிருந்த தொகுஜியின் ஆவியை வெளியே எடுத்தார். புது வீட்டில் சின்ன மாடம் வைத்து, சாமியாரே வந்து தொகுஜியை மறுபடி உள்ளே வைக்க வேண்டும். அன்றைக்கே புயல் பிடித்துக்கொண்டது, சாமியாரால் வர முடியவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று போன் பண்ணினார். கினுயேதான் சொன்னாள்: "இப்ப வேண்டாம் சாமி. வசந்தத்துல பாத்துக்கலாம்." வெளியே எடுத்தவரை அப்படியே நிறுத்தி வைப்பது நல்லதில்லையே என்று அவர் இழுத்தார். இழுக்கட்டும். ஒரே ஒரு குளிர்காலம். அந்த மனுஷன் இல்லாமல், மண்வாரி இல்லாமல், காலை நீட்டிக்கொண்டு ஒரே ஒரு குளிர்காலம் அவளுக்கு வேண்டியிருந்தது. அது தப்பா?

கட்டிடக் காவலாளி நரிதாவுக்குப் போன் போட்டாள். "என் பால்கனியில யாரு பனி வாரினது?"

"அக்கா, அஞ்சாவது மாடிக்குப் பறந்து வந்து பனி வாரறதுக்கு எனக்கென்ன றெக்கையா முளைச்சிருக்கு? வேற யாராச்சும் வாரினா என்கிட்டயும் அனுப்புங்க, வாசல்ல ஒரு மலை கிடக்கு."

எரிச்சலாக வந்தது. போனை வைத்தாள்.

மறுநாள் விடியும்போதே சத்தம் கேட்டது. முதலில் இரும்பு சிமெண்டில் உரசும் நீளமான ஒரு சரக், பிறகு மூச்சு வாங்கும் இடைவெளி, பிறகு ஈரப் பனி விழும் தொப், மறுபடி சரக், மறுபடி தொப், மூன்று வாரலுக்கு ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, காலம் முழுக்க அவள் தூக்கத்தைக் கெடுத்த அதே தாளத்தில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம், திரைக்கு அந்தப்பக்கம். நனைந்த கம்பளியும் மண்ணெண்ணெயும் கலந்த பழைய வீட்டு வாசனை அறைக்குள் வந்தது. இந்த வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பே கிடையாது. "போதும், விடுங்களேன்!" என்று படுக்கையிலிருந்தே கத்தினாள். சத்தம் நின்றது. திரையை விலக்கினாள். யாரும் இல்லை. மூலையில் அடுக்கு மட்டும் இன்னும் உயரமாகி இருந்தது.

டீ போடக் குழாயைத் திறக்கப் போனாள். குழாய் ஏற்கனவே திறந்திருந்தது. தண்ணீர் வரவில்லை, உள்ளே காற்று இருமியது. குளியலறைக் குழாயும் திறந்திருந்தது. கை கழுவும் குழாயும். உறைபனி நாளில் குழாய் வெடிக்காமலிருக்க, சாயங்காலமே தண்ணீரை அடைக்கும் வால்வைத் திருப்பி, காற்றுப் போக எல்லாக் குழாயையும் திறந்துவிட்டுத் தண்ணீரை வடிப்பது தொகுஜியின் வேலை. சுடச்சுட இருக்கிற இந்த வீட்டில் அந்த வால்வை அவள் தொட்டதே இல்லை. அது இருக்கிற அலமாரிக்குள் எட்டிப் பார்த்தாள். வால்வு திரும்பியிருந்தது. அதன்மேல் ஈரமாக ஒரு கையுறையின் தடம்.

அப்படியென்றால் வெளியில் மட்டும் இல்லை.

பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் பொங்கியது. செத்தும் விடமாட்டேன் என்கிறாரே! ஹிரோமுவைப் போனில் கூப்பிட்டாள்.

"சாமியாரை இன்னிக்கே கூட்டிட்டு வாடா. உங்கப்பாவை மாடத்துக்குள்ள வெக்கணும். தப்புப் பண்ணிட்டேன்."

"என்னம்மா நீ, வேண்டாம்னு சொன்னதே நீதானே. ரோடெல்லாம் மூடிட்டாங்க. இந்தப் பனியில அவரை எப்படிக் கூட்டிட்டு வரது? நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு, நாளைக்கு! எதைச் சொன்னாலும் நாளைக்குத்தான் உனக்கு. நான் இங்க செத்துக் கிடந்தாலும் நாளைக்குத்தான் வருவியா?"

"கத்தாதம்மா. ஒழுங்கா கேக்கல, அங்க ஒரே சத்தம்." கொஞ்சம் நின்று, "யாரும்மா அது, அங்க பனி வாரறது?" என்றான்.

கினுயே பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, யாரது செருமறது? அம்மா? இரு, நான் எப்படியாவது சாமியாரை..."

லைன் செத்துப்போயிற்று. திரும்பத் திரும்பப் போட்டாள். உய்யென்று காற்றுதான் கேட்டது.

அவன் வருவான். குரலில் பயம் தெரிந்தது, கட்டாயம் வருவான். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். திரையை இழுத்து மூடி, விளக்கைப் போட்டு, கொதாத்சுவுக்குள் இடுப்புவரை நுழைந்து, போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டாள். சூடு ஏற ஏற உடம்பு தளர்ந்தது. கண்ணை மூடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே மூடிவிட்டாள்.

டக்.

மரத்தில் மரம் இடிக்கும் சத்தம். கண்ணைத் திறந்தாள். விளக்கு அணைந்திருந்தது. சாயங்காலம்கூட ஆகியிருக்காது, ஆனால் அறை இருட்டிக்கொண்டு வந்தது, கீழிருந்து மேலாக. எழுந்து போய்த் திரையை விலக்கினாள். கண்ணாடிக்கு வெளியே இடுப்பு உயரம் வரைக்கும் பலகை. ரெண்டு மணி நேரத் தொலைவில், பழைய வீட்டின் பூட்டிய கொட்டகைக்குள் இருக்க வேண்டிய பலகை. இடுக்கு வழியாக வந்த வெளிச்சத்தில் எழுத்துத் தெரிந்தது. 'தெற்கு மூன்று'. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது மெதுவாக இறங்கி, அதன்மேல் உட்கார்ந்தது. டக். 'தெற்கு நான்கு'.

வாசலுக்கு ஓடினாள். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். அசையவில்லை. கதவிலிருக்கும் தபால் துவாரத்தின் மூடியைத் தூக்கினாள். வெளியே, கட்டிடத்துக்குள் இருக்கிற நடைபாதையில், வெள்ளை. சதுரமாக வெட்டி, இடைவெளி இல்லாமல் அடுக்கிய வெள்ளை. ஒரு பிடி உதிர்ந்து அவள் கைமேல் விழுந்தது.

"நரிதா! நரிதா!"

குரல் பனியில் அமுங்கிப்போயிற்று.

டக். இன்னும் இருட்டு. டக். அறைக்குத் திரும்பியபோது மேலே ஒரு விரல் அகலத்துக்குத்தான் வெளிச்சம் மிச்சம் இருந்தது. வாயிலிருந்து புகை வந்தது. சுவரைத் தொட்டாள், கல் மாதிரி சில்லிட்டிருந்தது. பல் கிட்டித்தது. வீடு முழுக்கச் சூடு இருந்தது கொதாத்சுவில் மட்டும். போகக் கூடாது என்று தெரிந்தது. குளிர் தாங்கவில்லை. போனாள். காலை உள்ளே விட்டாள்.

"ஏங்க," என்றாள் இருட்டைப் பார்த்து. அழுகை வந்தது. "ஒரே ஒரு குளிர்காலங்க. அதுகூடக் கூடாதா?"

கடைசி வெளிச்சமும் போயிற்று.

டக்.

"அவ்வளவுதான் கினு. இனி பனி உருகினாத்தான்."

வெளியிலிருந்து இல்லை. வாசலிலிருந்து. திறக்காத கதவுக்கு இந்தப்பக்கம்.

தட், தட். வலது கால்.

தட், தட். இடது.

ஈரக் காலடி தரையில் ஒட்டி ஒட்டி வந்தது. நிதானமாக. மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய் நின்றது. தொண்டையைச் செருமியது.

எதிர்ப்பக்கத்துப் போர்வை மேலே உயர்ந்தது. அடியில் கணப்பின் சிவப்பு வெளிச்சம். அந்தச் சிவப்பில் முதலில் விரல்கள் வந்தன. கறுத்து, பனித்துகள் ஒட்டி, உருகாமல். ஒரு பாதம். இன்னொரு பாதம். அவசரமே இல்லாமல் நீண்டு வந்து அவள் பாதங்களின்மேல் உட்கார்ந்தன.

"தள்ளுங்க," என்றாள். பழக்கத்தில் வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அவள் காலை இழுக்கப் பார்த்தாள், கால் வரவில்லை. குளிர் கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கணப்பின் சிவப்பு அணைந்தது. தலைக்குமேலே எங்கேயோ கூரையில், சரக்கென்று ஒரு புது வாரல் தொடங்கியது.