ஜிப் போட்ட பொய்

போன் அலறியது.

குமுதவல்லி ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு ஓடிவந்து எடுத்தாள்.

“தங்கச்சி, இராஜமாணிக்கம் பேசுறேன். பயப்படாத. தர்மராஜ் ரோட்டுல மோட்டர் சைக்கிளோட விழுந்து கிடந்தான். ஆம்புலன்ஸ் ஏத்தியாச்சு. நீ சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு வந்துரு.”

தர்மராஜ் அவள் புருஷன்.

இராஜமாணிக்கம் யார் என்று கேட்கிறீர்களா, கண்ணுகளா? கோலா சாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்த காண்ட்ராக்டர், தர்மராஜின் முதலாளி. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்தான். அப்பா அதே மண்ணில் ரப்பர் பால் வெட்டியவர். மகனுக்கு இப்போது ஹைலக்ஸ் வண்டி... கறுப்புக் கண்ணாடி... விரலுக்கு ஒரு மோதிரம்.

தன்னிடம் வேலை செய்கிறவர்களை ‘ஆளுங்க’ என்றுகூடச் சொல்ல மாட்டார்.

‘உருப்படி’ என்பார்!

ஆஸ்பத்திரியில் தர்மராஜ் கண் திறக்கவில்லை. வாயில் குழாய். கழுத்தில் பட்டை.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். உயிர் தங்கும். ஆனால் முதுகெலும்பு உடைந்திருக்கிறது. இனி குலை வெட்டும் வேலையை நினைத்துப் பார்க்கவும் முடியாது. அடிபட்டவரை யாரோ அரிசி மூட்டை தூக்குவது போலத் தூக்கியிருக்கிறார்கள். அதில் உடைந்தது இன்னும் மோசமாகிவிட்டது.

குமுதவல்லி முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

வெளியே இராஜமாணிக்கம் ஒரு பை ஆப்பிளோடு நின்றார். படுத்திருப்பவன் எதையும் மெல்ல முடியாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. முகத்தில் துக்கம் இருந்தது... கடையில் வாங்கி ஒட்டியது போல!

“இது ரோட்டுக் கேஸ், தங்கச்சி. வேலைக்கு வர்ற வழியில விழுந்தான். காலைப் பெரட்டுல பேர் கூப்பிடும்போது ஆளே இல்ல. தோட்டத்துக்குள்ள காலே வைக்கல. அப்புறம் எனக்கும் அதுக்கும் என்ன லா சம்பந்தம்? போலீஸ் கேட்டா நீயும் அதையே சொல்லு.”

“சொல்லலன்னா?”

“சொல்லாம எங்க போகப் போற? நீ இருக்கிற லயத்து வீட்டுச் சாவி யாரு கொடுத்ததுன்னு கொஞ்சம் யோசி.”

சொல்லிவிட்டு அவள் தோளைத் தட்டினார். ஆறுதலாம்!

குமுதவல்லி யோசித்தாள். விடியுமுன் கிளம்பிய மனுஷன். ரோடோ கூப்பிடு தூரம். போன் வந்ததோ வெயில் ஏறிய பிறகு.

அதுவரைக்கும் எங்கே இருந்தார்?

அப்போதுதான் தாதி ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்தாள். தர்மராஜின் உடுப்பு. சிகிச்சை அறையில் கத்தரியால் வெட்டிக் கழற்றியது.

குமுதவல்லி ஜாக்கெட்டை வெளியே எடுத்தாள்.

பார்த்தாள்.

அழுகை நின்றுபோனது.

 வார்டு சுவரில், தொழிலாளர் விபத்து உதவியைப் பார்க்கும் சொக்சோ ஒட்டியிருந்த நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

மறுநாள் காலை வார்டு வராந்தாவில் கூட்டம் கூடியது.

விபத்தை விசாரிக்க வந்த போலீஸ் சார்ஜன் தேவதாஸ். சொக்சோவிலிருந்து ஃபெலிசியா. எதிரே இராஜமாணிக்கம். அவருக்குச் சாட்சியாக, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி. முதலாளி தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். அப்படி ஒரு விசுவாசம்!

இராஜமாணிக்கம் கதையை ஒப்பித்தார். வளைவு, ஈரத் தார், வழுக்கிய டயர்... ஒன்றும் குறையவில்லை. முனியாண்டி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

ஃபெலிசியா பணிவாகக் கேட்டாள்.

“உங்ககிட்ட வேலைக்குத்தான் வந்துகிட்டிருந்தாரா அண்ணே?”

“ஆமா.”

“உங்க ஆளுதானே?”

“என் உருப்படிதான். ஆனா ரோட்டுல விழுந்தான் பாருங்க. அதான் பாயிண்ட்.”

“ரொம்ப நன்றி. வீட்டுலேர்ந்து வேலைக்கு வர்ற வழியில அடிபட்டாலும் அது வேலை விபத்துதான். சட்டம் அப்படித்தான் சொல்லுது. நீங்க அவரு பேரைப் பதியவே இல்லைன்னு பார்த்துட்டுத்தான் வந்தேன். அது உங்க குத்தம். அவருக்குச் சேர வேண்டியது எப்படியும் சேரும்.”

குமுதவல்லி மூச்சு விட்டாள். நேற்றிலிருந்து அடைத்திருந்த மூச்சு.

இராஜமாணிக்கத்தின் முகம் வெளிறியது. மோதிரங்கள் மட்டும் மின்னின.

குமுதவல்லி அதோடு விடவில்லை. பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

“சார்ஜன் சார், மோட்டர்ல போகும்போது ஜாக்கெட்ட எப்படிப் போடுவீங்க?”

தேவதாஸ் அதை வாங்கினார். ஜாக்கெட்டின் முதுகுப் பக்கத்தைத் தன் நெஞ்சில் வைத்து, தன் கைகளை அதன் கைகளுக்குள் விட்டுக் காட்டினார்.

அப்படித்தானே, கண்ணுகளா? இந்த ஊரில் மோட்டர் ஓட்டுகிற எவரும் முன்பக்கத்தைப் பின்னால் விட்டுத்தான் மாட்டுவார்கள். நெஞ்சில் காற்று அடிக்காது. முதுகு திறந்து கிடக்கும். ஜிப்புக்கு வேலையே இல்லை!

“என் வீட்டுக்காரரும் அப்படித்தான். இதப் பாருங்க. கழுத்து வரைக்கும் ஜிப் பூட்டியிருக்கு. வெட்டினவங்க ஜிப்புக்குப் பக்கத்துல வெட்டியிருக்காங்க. உள்ள போட்ட சட்டைத் தோள்ல அத்தன ரத்தம். மேல ஜாக்கெட்டுல ஒரு சிராய்ப்பு இல்ல. ரோட்டுல மெத்தை விரிச்சிருந்தாங்களா?”

இராஜமாணிக்கம் லயத்தில் பிறந்து, மோட்டரில் பின்னால் உட்கார்ந்து வளர்ந்த மனிதர். ஹைலக்ஸ் ஏறியதும் ஜாக்கெட் போடுவதுகூட மறந்துவிட்டது!



முனியாண்டி முனகினார்.

“நான் அப்பவே சொன்னேன் முதலாளி... திருப்பிப் போடுங்கன்னு. கேட்டாத்தானே?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு முனியாண்டியை நிறுத்த முடியவில்லை.

வெட்டிய குலை தர்மராஜின் தோளில் விழுந்தது. அவர் மரத்தடியிலேயே சாய்ந்தார். வலியில் முனகியவரை இரண்டு பேரும் தூக்கி ஹைலக்ஸின் பின்னால் போட்டார்கள். ரத்தம் தெரியாமல் இருக்க ஜாக்கெட்டை மாட்டினார்கள். ரோட்டு வளைவில் இறக்கி, பக்கத்தில் மோட்டரைச் சாய்த்தார்கள். அப்புறம்தான் ஆம்புலன்ஸ்.

“ரோட்டுக் கேஸ் ஆயிட்டா என் தலைக்கு வராதுன்னு நினைச்சேன்...” இராஜமாணிக்கத்தின் குரல் கொசு மாதிரி வந்தது.

ஃபெலிசியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மரத்தடியோ ரோடோ, அவருக்குக் கிடைக்கிறது ஒண்ணுதான். அங்கயே விட்டுட்டு ஆம்புலன்ஸக் கூப்பிட்டிருந்தா நீங்க அபராதத்தோட போயிருப்பீங்க. இவ்வளவு கஷ்டப்பட்டு ஜெயிலச் சம்பாதிச்சிருக்கீங்க.”

தேவதாஸ் இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கிளப்பினார். படிக்கட்டில் இறங்கும்போது இராஜமாணிக்கத்தின் கால் தடுக்கியது. சார்ஜன் பிடித்திருக்காவிட்டால் உருண்டிருப்பார்.

குமுதவல்லி மேலே நின்று பார்த்தாள்.

“மிஸ், ஸ்டேஷன் போற வழியில காண்ட்ராக்டரு விழுந்து கிழுந்து வச்சா அவருக்கும் சொக்சோ உண்டா?”

ஃபெலிசியா கைப்பையை மூடினாள்.

“கிடைக்காதுக்கா. அந்த மனுஷன் தனக்கே சந்தா கட்டிக்கல!”