கேட்டும் பதியாதது

"பாட்டு மாதிரி இல்ல தங்கச்சி. யாரோ தட்டுற மாதிரி இருக்கு."

"குருவி எங்கண்ணே தட்டும்? அலகால கம்பியைக் கொத்தியிருக்கும்."

"தொண்டை ஆடுச்சே, பார்த்தேனே. ஊசி போட்டா வாத்தியார் பாட்டு மண்டையில ஏறாதுன்னீங்க. இது வேற எங்கயோ ட்யூஷன் போயிருக்கு போல."

கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு அழுக்குத் தட்டுகளை அடுக்கி எடுத்தார். "வெளியே தொட்டியிலதான் கழுவிட்டு இருப்பேன். பயமா இருந்தா ஒரு குரல் குடுங்க."

"குருவிக்கா பயப்படுவேன்? போங்கண்ணே."

அவர் போனார். கனமான கதவு முழுதாகச் சாத்திக்கொள்ளாமல் ஒரு கை அகலத்தில் நின்றது.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே விடுமுறை நாளின் மதிய வெயில் எப்படிக் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் ஒரே மங்கிய வெளிச்சம்தான். தினையும் ஈர உமியும் இறகுப் பொடியும் கலந்த வாசனை, காற்றுக் குழாயின் ஓயாத முனகல், சுவரோரம் வரிசையாக, வெளிச்சத்தம் புகாதபடி பஞ்சு பதித்த பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு ஃபிஞ்ச் குருவி. இந்த அறைக்குள் வந்தால் யாரோ காதைப் பொத்திவிட்டதுபோல இருக்கும். அவளுக்கு அது பிடிக்கும்.

ஆண் குஞ்சு ஒரு பெரிய குருவியின் பாட்டைக் கேட்டுத்தான் தன் பாட்டைக் கற்கிறது. கேட்கும்போது மூளையில் ஒரு நரம்பணு குளுட்டமேட் என்ற பொருளைக் கசியவிடும். அடுத்த அணுவின் மேலுள்ள ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால்தான் பாட்டு பதியும். அவள் ஆய்வே அந்த ஏற்பிகளை அடைப்பதுதான். காலையில் பெரிய குருவியைப் பெட்டிக்குள் விடுவதற்குச் சற்று முன்னால், குஞ்சின் முன்மூளைக்குள் மருந்தைச் செலுத்துவாள். குஞ்சு தலையைச் சாய்த்துக் கேட்கும். காதில் ஒரு குறையும் இல்லை. கேட்கும், ஒன்றும் தங்காது. வளர்ந்த பிறகு வாய்க்கு வந்ததைக் கத்தும்.

முதல் பெட்டியின் அருகே குனிந்தாள்.

டொக், டொக். சிறு இடைவெளி. டொக் டொக் டொக். பிறகு இரும்பின் மேல் எதையோ மெல்ல இழுப்பதுபோல நீளமாக ஒரு கீறல்.

பயத்துக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. காது மடல்கள் சுட்டன.

பக்கவாதம் அப்பாவின் பேச்சைக் கொண்டுபோயிருந்தது. இடது கை மட்டும் மிச்சம். ஏதாவது வேண்டுமென்றால் மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவார். யாரும் வராவிட்டால் மோதிரத்தைக் கம்பியோடு இழுப்பார். அவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அம்மா மதியம் கிளம்பிவிடுவார். அப்புறம் அவள் வீடு திரும்பும்வரை கட்டிலருகே ஒரு கேமராவும், அதோடு இணைந்த அவள் போனும்தான்.

ஒருமுறை ஆய்வகக் கூட்டத்தின் நடுவே அந்தத் தட்டல் போனிலிருந்து கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். "பக்கத்து வீட்ல ஆசாரி வேலை நடக்குது" என்றாள். சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "அப்பா நல்லா இருக்காராம்மா?" என்று கூண்டு அண்ணன் கேட்கும்போதெல்லாம், "ஜம்முனு இருக்காரு, வாக்கிங் போறாரு" என்பாள். அதற்குப் பிறகு மதியங்களில் போனை இந்த அறையின் அலமாரியில் வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விடுவாள். சத்தத்தை அணைப்பதில்லை. பெற்ற அப்பாவின் சத்தத்தை அணைத்துவைக்கிற பெண் இல்லை அவள். வேறு அறையில் ஒலிக்கட்டும், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் காற்றோட்டத்துக்காகப் பெட்டிகள் திறந்திருக்கும். காலை மருந்தின் வீரியமும் போயிருக்கும். குஞ்சுகளுக்கு வேறு வாத்தியார் யார்?

காரணம் பிடிபட்டதும் மூச்சு கொஞ்சம் சீரானது. ஆய்வு பாழ். போகட்டும், குருவிகளை மாற்றிக்கொள்ளலாம். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது பெட்டியும் தட்டத் தொடங்கியது. அடுத்ததும். ஒன்றை ஒன்று முந்தாமல், ஒரே கை தட்டுவதுபோல.

கடைசிப் பெட்டியில் இருந்தது பெட்டைக் குருவி. இந்த இனத்தில் பெட்டை பாடாது. பாட்டுக்கான நரம்புப் பாதை அதன் மூளையில் சரியாக வளர்வதே இல்லை.

அதுவும் தட்டியது.

மற்றவை கீறலோடு நின்றுவிட்டன. அது நிற்கவில்லை. கீறலுக்குப் பிறகு ஒரு தொண்டைச் சத்தம். ஈரமான, அடைத்த சத்தம். துணி சரியும் சத்தம். எதுவோ தரையில் விழுந்து உருண்டது. பிறகு ஒன்றுமில்லை.

இதை அவள் கேட்டதே இல்லை. கேட்கும்வரை இங்கே நின்றதே இல்லை.

அலமாரி. போன். விரல் இரண்டு முறை வழுக்கியது.

திரையில் அப்பா. தலையணை சரிந்திருந்தது. இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. படம் உறைந்துவிட்டதா? இல்லை. திரைச்சீலை ஆடியது. மின்விசிறி சுற்றியது. கை ஆடவில்லை. கண்கள் திறந்திருந்தன. நேராகக் கேமராவைப் பார்த்தபடி.

டொக், டொக். பெட்டிகளிலிருந்து.

திரையில் கை அப்படியே இருந்தது.

பேசும் பொத்தானை அழுத்தினாள். இங்கே பேசினால் அங்கே கேட்கும். வாயைத் திறந்தாள்.

வெளியே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. கையை உதறும் சத்தம். கதவிடுக்கில் அண்ணனின் குரல்.

"தங்கச்சி, கூப்பிட்டீங்களா?"

அவள் கூப்பிடவில்லை. திறந்த வாய் மூடிக்கொண்டது. அண்ணனுக்குக் கேட்டுவிடுமே. இப்போதுகூட அதுதான் தோன்றியது. இப்போதுகூட.

பொத்தானிலிருந்து விரலை மட்டும் எடுக்கவில்லை.

தட்டல் நின்றது. எல்லாப் பெட்டிகளிலும், ஒரே நேரத்தில்.

குருவிகள் தலையைச் சாய்த்தன. பாடம் கேட்பதுபோல. ஆளுக்கு ஒரு கண். எல்லாம் அவள் மேல்.

பெட்டைக் குருவியின் தொண்டை ஆடியது.

வந்தது அவள் குரல். அவள் இன்னும் சொல்லாதது.

"அப்பா... ஒரே ஒரு தடவை தட்டுங்கப்பா."