வாசலில் மட்டும் மக்கர்

மொஹசினின் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு விநோதமான குணம் வந்திருந்தது. ஊரெல்லாம் ஒழுங்காக ஓடும். சொந்த வீட்டு வாசலில் மட்டும் மக்கர் செய்யும்.

காலையில் அவர் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்குவார். வண்டி உம்மென்று நிற்கும். விளக்கும் எரியாது, ஹாரனும் அடிக்காது. உதைத்துக் கிளப்பலாம் என்றால் அந்த வண்டிக்குக் கிக்கர் கிடையாது. வேறு வழியில்லாமல் தெருமுனையில் இருக்கும் ஜெபகுமாரின் ஒர்க்‌ஷாப் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார்.

ஜெபகுமார் பொத்தானில் விரலை வைத்ததும் வண்டி 'டுர்ர்' என்று கிளம்பிவிடும்.

"நல்லாத்தானே இருக்குது பாய்?" என்பான் ஜெபகுமார்.

"உன்னைப் பாத்தா மட்டும் சிரிக்குதுப்பா. என்னைப் பாத்தா மூஞ்சைத் தூக்கி வச்சிக்கினு நிக்குது," என்பார் மொஹசின்.

ஜெபகுமார் சும்மா இருக்கவில்லை. பேட்டரியை மாற்றினான். ஃபியூஸை மாற்றினான். பேட்டரியில் ஒயர் மாட்டும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தான். அடுத்த நாள் காலை, வாசலில் வண்டி பழையபடி உம்.

மொஹசினின் மகள் நௌஷீன் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு குறுகலான தெருவில் அவர்கள் வீடு. நெசவாளர் வீடுகளுக்கு ஜரிகை கொண்டுபோய்க் கொடுப்பது அப்பாவின் தொழில். அம்மாவின் பெயர் நிக்கத். நௌஷீன் அவளை 'அம்மி' என்றுதான் கூப்பிடுவாள். பள்ளியில் சிலர், "அம்மின்னா அரைக்கிற கல்லாச்சே?" என்று கேலி செய்வார்கள். "எங்க அம்மி சட்னியும் அரைக்கும், பாடமும் சொல்லித்தரும்," என்று நௌஷீன் பதில் சொல்லிவிடுவாள்.

உண்மையிலேயே அம்மிக்கு ஆசிரியர் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்கான தேர்வுக்கு மாதக்கணக்கில் படித்தாள். சாயங்காலம் அம்மியை உட்காரவைத்துக் கேள்வி கேட்பது நௌஷீனின் வேலை. தப்பாகச் சொன்னால், "ஏன் அம்மி, கவனம் எங்க இருக்குது?" என்று அதட்டவும் செய்வாள். அம்மி சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி யோசிப்பாள்.

தேர்வு நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஊரில் திருவிழா வேறு.

அம்மி பேனாவை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள். அப்பா சாவியைத் திருப்பினார். பொத்தானை அமுக்கினார்.

வண்டி உம்.

"வேணாம் ராஜா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கோவிச்சிக்காதே," என்று பெட்ரோல் டாங்கைத் தட்டிக் கொடுத்தார் அப்பா. மறுபடியும் அமுக்கினார். ஒரு சத்தமும் இல்லை.

ஜெபகுமார் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கமாட்டான். அப்பா ஆட்டோக்காரருக்குப் போன் செய்தார். திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதாக அவர் சொன்னார். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை.

அம்மி துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அம்மிக்குப் பயம் வந்தால் அப்படித்தான் செய்வாள் என்பது நௌஷீனுக்குத் தெரியும்.

எதிர் வீட்டுக் கைலாசம் மாமா தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டியிருந்தார். சேலைக்கு நீளவாக்கில் ஓடும் நூல்கள்தான் பாவு. அதற்குக் கஞ்சி தடவி, காய்வதற்குள் நூல் நூலாகப் பிரித்துவிட வேண்டும். அவர் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார்.

"பயப்படாதேம்மா தங்கச்சி. என் சைக்கிள் இருக்குது. பின்னாடி உக்காந்துக்கோ, மிதிச்சிக்கினே போயிடலாம்."

"கஞ்சி காய்ஞ்சா நூலெல்லாம் ஒட்டிக்குமே அண்ணா?" என்றாள் அம்மி.

"ஒட்டினா ஒட்டட்டும், பாத்துக்கலாம்," என்றார் அவர். ஆனால் சொல்லும்போதே அவர் கண் பாவின் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

நௌஷீன் அதைப் பார்த்துவிட்டாள். பாவும் கெடக் கூடாது, அம்மியும் போய்ச் சேர வேண்டும். அவள் வண்டியின் எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, ஜரிகைக் கடை வாசல்ல எப்பவாவது இது மக்கர் பண்ணியிருக்குதா?"

"இல்லம்மா."

"மசூதி வாசல்ல?"

"ஒரு நாளும் இல்ல. நம்ம வாசல்லதான். இதுக்கு நம்ம வீட்டைப் பிடிக்கல போல."

வண்டிக்கு வீடு எப்படித் தெரியும் என்று நௌஷீன் யோசித்தாள். அங்கெல்லாம் இல்லாதது இங்கே என்ன இருக்கிறது? வாசல், சுவர், பாவு. பாவில் இடித்துவிடக் கூடாது என்று அப்பா தினமும் வண்டியைச் சுவரோடு சுவராக ஒட்டித்தான் நிறுத்துவார். ஹேண்டிலையும் இடது பக்கமாக முழுவதும் ஒடித்து வைப்பார்.

ஜெபகுமார் கடையில் வண்டி எப்படி நிற்கும்? நேராக நிற்கும்.

"அப்பா, ஹேண்டிலை நேராத் திருப்புங்களேன்."

"ஹேண்டிலுக்கும் ஸ்டார்ட் ஆகிறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"தெரியல. திருப்பித்தான் பாருங்களேன்."

அப்பா வண்டியைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, ஹேண்டிலை நேராக்கினார். மீட்டரில் இருந்த பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். நௌஷீன் ஹேண்டிலைப் பிடித்து மெதுவாக இடது பக்கம் தள்ளினாள். விளக்கு அணைந்தது. நேராக்கினாள், எரிந்தது.

"உள்ளே ஏதோ ஒயர் அறுந்திருக்குது. நேரா இருந்தா தொட்டுக்குது, திருப்பினா விட்டுப்போகுது," என்றார் கைலாசம் மாமா. "எங்களுக்குப் பாவுல இழை அறுந்தா கண்ணுக்குத் தெரியும். இது மூடிக்கினு இருக்குதே, எப்படித் தெரியும்?"

அப்பா பொத்தானை அமுக்கினார். டுர்ர்.

"சீக்கிரம் ஏறு நிக்கத்," என்றார்.

"திருப்பத்துல ரொம்ப ஒடிக்காதீங்கப்பா. அகலமாத் திரும்புங்க," என்றாள் நௌஷீன்.

அம்மி ஏறி உட்கார்ந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, இறங்கி வந்து நௌஷீனின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினாள். பெரிய கப்பலைத் திருப்புவது போல அப்பா தெருமுனையில் வண்டியைத் திருப்பினார். கைலாசம் மாமா பாவிடம் ஓடினார். அவருக்கு நௌஷீனும் கைகொடுத்தாள்.

மதியம் அம்மி திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே நௌஷீனுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

"எப்படி எழுதின?"

"நீ கேட்ட கேள்வியைவிட அவங்க கேட்டது ஈஸி," என்றாள் அம்மி.

மறுநாள் ஜெபகுமார் முன்விளக்குக்குப் பின்னால் இருந்த ஒயர்க் கட்டைப் பிரித்தான். சாவித் துவாரத்திலிருந்து வரும் ஒயர் வெளியே முழுசாகத்தான் இருந்தது. வளைத்துப் பார்த்தால், உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. தினமும் மடங்கி மடங்கியே அறுந்துபோயிருக்கிறது. அவன் அதை வெட்டிச் சேர்த்து, மேலே உறை போட்டு மூடினான்.

"இத்தனை தடவை பாத்தேன். எனக்குத் தோணலையே," என்று தலையைச் சொறிந்தான்.

"உங்க கடையிலதான் வண்டி நேரா நிக்குதே அண்ணா. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நௌஷீன்.

ஜெபகுமாருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. மூலையில் தூசி படிந்து நின்ற ஒரு பழைய ஸ்கூட்டரைக் காட்டினான்.

"அது மழை பேஞ்சா மட்டும் நின்னுபோகுதாம். என்னான்னு நீயும் கொஞ்சம் பாக்கிறியா?"

நௌஷீன் ஸ்கூட்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு வெளியே போய் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு மேகம்கூட இல்லை.

"மழை வரட்டும் அண்ணா. வந்ததும் ஆள் அனுப்புங்க," என்றாள்.