அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்த இடம்

வேலைக்கென்று கொடுத்த வெள்ளைக் கோட்டின் இடது கை, வலது கையைவிடக் கொஞ்சம் குட்டையாகத் தைக்கப்பட்டிருந்தது.

மாட்டிப் பார்த்த பிறகுதான் அவள் அதைக் கவனித்தாள். சின்ன வயதில் முழங்கை உடைந்து சரியாகக் கூடாமல் போனதில் அவளுடைய இடது கை ஒரு விரற்கடை குட்டை. எந்தச் சட்டை வாங்கினாலும் இடது கையை மட்டும் உள்ளே மடித்துவிட்டுக்கொள்வது, யோசிக்காமலே விரல்கள் செய்துவிடும் வேலை. இப்போதும் விரல்கள் அங்கே போயின. மடிக்க எதுவும் இல்லை. புதுத் துணியின் மொடமொடப்போடு இரண்டு கையும் மணிக்கட்டில் கச்சிதமாக வந்து நின்றன.

“பொருந்துதாம்மா?” என்றார் முதலாளி.

அவள் அந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்து ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகியிருக்காது. அவர் அவளை முன்பின் பார்த்ததில்லை. தொலைபேசியில் ஒரே ஒரு முறை பேசியிருந்தார். பழைய பட்டறைக்காரர் யாராவது கையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். பொய்ப்பல் செய்கிறவர்களின் உலகம் சின்னது. ஒருவருக்கொருவர் தெரியாமல் இருக்க மாட்டார்கள்.

பட்டறை நீளமாக, சுத்தமாக இருந்தது. அவளுக்குப் பழகிய வாசனைகள்தான்: உருகிய மெழுகு, ஈரப் பிளாஸ்டர், ஈறு செய்யும் ரோஸ் நிறக் கலவையின் மண்டைக்குள் ஏறும் இனிப்பு நெடி. ஆனால் அவள் வேலை பார்த்த எந்தப் பட்டறையிலும் வானொலி அலறும், யாராவது யாரையாவது வம்புக்கு இழுப்பார்கள், தேய்க்கும் மோட்டாரின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே எல்லாருக்கும் தொண்டை தடித்திருக்கும். இங்கே மேசைக்கு ஒரு பெண்ணாக வரிசையாக உட்கார்ந்து, முகமூடியோடு குனிந்து, கத்தி மெழுகைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்க வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. புதிதாக ஒருத்தி வந்தால் தலையிலிருந்து கால்வரை எடைபோடாத பெண்களை அவள் அன்றுதான் பார்த்தாள்.

கடைசி மேசையில் அவளுக்காக ஒரு வாயின் அச்சு வைக்கப்பட்டிருந்தது. மேல் வரிசை, கீழ் வரிசை. பழக்கத்தில் கையில் எடுத்துத் திருப்பினாள். நடுவயதுப் பெண். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவள். ஒரு சொத்தைகூட இல்லை.

“இதுக்கு என்ன செய்யணும்?”

“முழு செட்.”

“இவங்களுக்குப் பல்லு எல்லாம் இருக்கே.”

“இப்போ இருக்கு, இல்லையா?” என்றார் முதலாளி.

முகமூடிக்கு மேலே அவர் கண்கள் சுருங்கின. சிரிக்கிறாராக்கும் என்று நினைத்தாள். அச்சைக் கீழே வைத்த பிறகும் உள்ளங்கையில் ஒரு வெதுவெதுப்பு தங்கியிருந்தது. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். இறுகி முடிந்தால் ஆறிவிடும். அப்படியானால் இந்த வாய் இப்போதுதான், இங்கேதான் எங்கேயோ... பட்டறையின் கோடியில் சாம்பல் நிறக் கதவு ஒன்று சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடியது. யாரோ வாய் கொப்பளித்துத் துப்பினார்கள்.

“நாளைக்குச் சொல்றேன் சார்” என்று கோட்டைக் கழற்றினாள்.

“வீட்டுல யாரையாவது அனுப்பி விசாரிச்சுக்குங்க. கூடப் பொறந்தவங்க வந்து பார்த்தா உங்களுக்கும் நம்பிக்கை வரும்” என்றார் அவர். கோட்டை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை.

*

வேலை போன நாளிலிருந்து அவள் அக்கா வீட்டில்தான் இருந்தாள். பழைய பட்டறையில் இயந்திரம் வந்து இறங்கிய வாரத்திலேயே ஆட்களை அனுப்பிவிட்டார்கள். அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்காவின் கணவர் அப்படி இல்லை. பேருந்து ஓட்டுகிறவர்; நாள் முழுக்கச் சாலையில் திட்ட முடியாமல் விழுங்கியதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

“சட்டை அளவாத் தெச்சு வெச்சிருக்கான்னு வேலைய வேணாங்கிற முதல் ஆளு நீதான்” என்றார். “இன்னொருத்தியா இருந்தா கும்பிட்டு வாங்கியிருப்பா.”

“மாமா, அந்த இடம் சரியில்ல.”

“உனக்கு எந்த இடந்தான் சரியா இருந்திருக்கு? இங்க சோபா மட்டும் நல்லா சரியா இருக்கு, இல்ல?”

அக்கா கணவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, தான் மட்டும் கூப்பிடும் செல்லப்பெயரைச் சொல்லித் தங்கையின் தலையைத் தட்டினாள். “சுண்டு, நீ ஏன் குழம்புற? நாளைக்கு நான் போறேன். ஆளைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசினா எனக்குத் தெரிஞ்சிடும். ஏமாத்துறவனா இருந்தா அங்கேயே நாலு கேட்டுட்டு வர்றேன்.”

கூடப் பொறந்தவங்க வந்து பார்த்தா. முதலாளி சொன்ன அந்த வரியை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. அக்காவாகத்தான் கிளம்பினாள். அதுதான் பிறகு அவளை அரித்தது.

*

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் அக்கா திரும்பினாள். சாவித் துவாரத்தைத் தேடிக் கொஞ்ச நேரம் கதவில் உரசும் சத்தம் கேட்டது, அந்தக் கதவைப் பல வருடம் திறந்து மூடிய கைக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாததைப் போல. உள்ளே வந்து செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். விளக்கைப் போடவில்லை. ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் முகம் பாதிதான் தெரிந்தது.

“நல்ல இடம். நல்ல மனுஷங்க. நீ போ.”

“பேசினியாக்கா? என்ன சொன்னாரு?”

“நல்ல இடம். நீ போ.”

சமையலறைக்குப் போனாள். கூடையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்தாள். கடித்தாள். அந்தச் சத்தம் கூடம் வரை கேட்டது.

அக்கா ஆப்பிளைக் கடிக்கவே மாட்டாள். முன் பல் கூசும் என்று எப்போதும் துண்டு போட்டுத்தான் தின்பாள். தங்கை பின்னாலேயே போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தாள். மேல் வரிசை ஒரே சீராக, சுவர் கட்டியதைப் போல இருந்தது. இடது ஓரத்தில் உதட்டை மீறி எட்டிப் பார்க்கும் தெற்றுப்பல்லைக் காணவில்லை. மாமா பெண் பார்க்க வந்தபோது விழுந்ததே அந்தப் பல்லில்தான் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

“தெத்துப்பல்லு எங்கக்கா?”

“எந்தப் பல்லு?” என்றாள் அக்கா, மென்றுகொண்டே.

பொய்ப்பல் செட்தான் மாட்டிவிட்டார்கள் என்று நினைக்க அவள் முயன்றாள். ஆனால் அது அவள் தொழில். அன்றைக்குப் பல்லைப் பிடுங்கி அன்றைக்கே செட் மாட்டினால் வாய் வீங்கியிருக்கும், ரத்தம் கசியும், நாட்கணக்கில் கஞ்சிகூட இறங்காது. அக்கா ஆப்பிளின் கொட்டையையும் காம்பையும் சேர்த்து மென்றாள். விழுங்கினாள். அடுத்ததை எடுத்தாள்.

மாமா வந்ததும் அவரை வாசலிலேயே மறித்தாள். “அக்கா பல்லைப் பாருங்க மாமா.”

அவர் எட்டிப் பார்த்தார். “இப்பதான் லட்சணமா இருக்கு. ஓசியில சரி பண்ணி விட்டிருக்கான், அதுலயும் உனக்குச் சந்தேகம். நாளைக்கு ஒழுங்கா வேலைல சேர்ற வழியப் பாரு.”

இரவு முழுக்க அவள் சோபாவில் கண்ணை மூடவில்லை. அக்காவின் அறைக் கதவு திறந்தே இருந்தது. மாமாவின் குறட்டை வந்தது. அதற்கிடையே இன்னொரு சத்தமும் வந்தது: பல் மேல் பல்லை மெதுவாக வைத்து, எடுத்து, வைத்து, யாரோ பொருந்துகிறதா என்று பார்ப்பதைப் போல. புது செட்டை அவள் அப்படித்தான் சோதிப்பாள்.

*

மாமா வேலைக்குப் போனதும் அவள் பட்டறைக்குத் தொலைபேசினாள். நல்ல வெயில். தெருவில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். சமையலறை வாசலில் அக்கா நின்றாள், கைகளைத் தொங்கவிட்டபடி, அவளையே பார்த்துக்கொண்டு.

“எனக்கு அந்த வேலை வேணாம் சார்.”

“சரிம்மா. உங்க விருப்பம்” என்றார் முதலாளி. குரலில் கோபமே இல்லை.

அவருக்குப் பின்னால் யாரோ பேசுவது கேட்டது. தூரத்தில், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம். ஒரே வார்த்தையை.

“உண்டு... உண்டு...”

எதற்கோ யாரோ உண்டு என்று பதில் சொல்கிறார்கள். அப்படித்தான் முதலில் நினைத்தாள். தொலைபேசியை வைக்கப் போனாள். கை பாதியில் நின்றது.

பல் இல்லாத வாயில் முதலில் போவது ‘ச’ சத்தம்தான். நாக்கு போய் நிற்க இடம் இருக்காது. வெறும் காற்று போகும். செட் மாட்ட வருகிறவர்களிடம் அவளே அந்த எழுத்தைத்தான் சொல்லச் சொல்லிச் சரிபார்ப்பாள்.

“உண்டு... உண்டு... வராத, உண்டு...”

எதிர்முனையில் முதலாளி காத்திருந்தார். அவர் தொலைபேசியைப் பொத்தவில்லை. அவள் கேட்கட்டும் என்றே பிடித்திருந்தார்.

சமையலறை வாசலில் நின்றிருந்த அது கேட்டது: “யாரு?”

அவள் செருப்பு போடாமல் ஓடினாள்.

*

போலீஸ் என்று ஒரு முறை மனதில் வந்தது. என்ன சொல்வது? அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். பக்கத்து வீட்டார் சாட்சி சொல்வார்கள். மாமா சிரிப்பார். வராதே என்று அக்கா சொன்னதை அவள் கேட்டாள். கேட்ட பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

பட்டறைக் கதவு திறந்திருந்தது. பெண்கள் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளியைக் காணோம். அவள் வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்தாள். முகமூடிக்கு மேலே ஈரமான கண்கள். அந்தக் கண்கள் வாசலைக் காட்டின. மறுபடி காட்டின. அவள் நிற்கவில்லை.

சாம்பல் நிறக் கதவு. தாழ்ப்பாள் இந்தப் பக்கம்தான் இருந்தது. நீக்கினாள்.

உள்ளே ஜன்னல் இல்லை. சாய்வு நாற்காலிகள் இரண்டு. ஒன்று காலி. இன்னொன்றில் அக்கா.

நேற்றுக் கிளம்பும்போது போட்டிருந்த அதே நீல உடை. மார்பில் காய்ந்த பிளாஸ்டர். கன்னங்கள் உள்ளே விழுந்து ஒரே நாளில் கிழவியாகியிருந்தாள். வாரால் கட்டிய மணிக்கட்டுகள். வாய் திறந்தபடி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ரத்தமும் இல்லை. வழவழவென்று ரோஸ் நிற ஈறு மட்டும், அவள் மெழுகில் செய்து மெருகேற்றுகிற மாதிரியே.

“அக்கா.”

அக்கா தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம். கண்கள் தங்கையைத் தாண்டிப் பின்னால் பார்த்தன.

அவள் வாரைப் பிடித்து இழுத்தாள். கொக்கி இறுகியிருந்தது. இடது கையில் வலு இல்லை. பல்லால் கடித்து இழுத்தாள். தோல் நெடி. உப்பு. ஒரு துளை விட்டது. இன்னொன்று.

பட்டறையில் சுரண்டும் சத்தம் நின்றது.

எல்லாக் கத்திகளும். ஒரே நேரத்தில்.

காலடி. இரண்டு பேருடையது. ஒன்று முதலாளியின் பூட்ஸ். மற்றது அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் கை அதைவிட இறுக்கமாகப் பிடித்தது.

பின்னால் ரப்பர் கிண்ணத்தில் கரண்டி சுற்ற ஆரம்பித்தது. தண்ணீரும் அச்செடுக்கும் மாவும் குழையும் சத்தம். குளுக். குளுக். குளுக்.

அவள் பிடித்திருந்த கைக்குச் சொந்தக்காரியின் குரல், ஓர் எழுத்தும் பிசகாமல், சின்ன வயதில் காய்ச்சலுக்கு மருந்து ஊட்டும்போது பேசுகிற அதே கனிவோடு, கதவருகிலிருந்து சொன்னது:

“அவளுக்கு வாய் சின்னது சார். சின்ன அச்சுத் தட்டா எடுங்க. தலைய நான் பிடிச்சுக்கிறேன்.”

முன்னால், நாற்காலியில், பல்லில்லாத வாய் முடிந்த மட்டும் அகலத் திறந்து அலறியது. காற்று மட்டும் வந்தது.

இரண்டு கைகள் பின்னாலிருந்து வந்து அவளுடைய தாடையை மெதுவாகத் தாங்கிக்கொண்டன.